இடாப்பில் இருந்த இலக்கணம்

பண்டிதர் காலமான செய்தியைச் சங்கத்தின் அறிவித்தலில்தான் படித்தேன். 'சிவைக்கியம்' என்று போட்டிருந்தது. கண் கலங்குவதற்கு முன்பே மனம் அந்தச் சொல்லைப் பிரித்துவிட்டது: சிவ + ஐக்கியம், அகரமும் ஐகாரமும் கூடி ஐகாரமாகும் விருத்திச் சந்தி. அவரிடம் படித்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நன்னூலைத் திறக்குமுன்பே வரவு இடாப்பை வைத்து எங்களுக்குச் சந்தி கற்பித்தவர் அவர். மகேந்திரன் என்று கூப்பிடுவார், "மகா, இந்திரன். ஆவும் இகரமும் சேர்ந்து ஏகாரம். குணச் சந்தி." இரவீந்திரனின் பெயரில் இரண்டு இகரங்கள் கூடி நெடிலானதால் அது தீர்க்கச் சந்தி. புருஷோத்தமன் எழுந்து நின்று தன் பெயரைத் தானே பிரித்துச் சொல்ல வேண்டும். பென்சிலைக் கூராகச் சீவி, ஒவ்வொரு பெயரின் நடுவிலும் மயிரிழை போல ஒரு கோடு இழுப்பார். ஜெகந்நாதனும் மனோகரனும் மட்டும் காத்திருந்தார்கள். "உயிர்ச் சந்தி முடியட்டும். உங்கள் இருவருக்கும் அடுத்த தவணை" என்பார்.

தமிழில் புணர்ச்சி இருக்கும்போது வடசொல் எதற்கு என்று ஒருவன் கேட்டான். பண்டிதர் கோபிக்கவில்லை. "பகுதி விகுதி இடைநிலை சாரியை சந்தி விகாரம்" என்ற நன்னூல் சூத்திரத்தை முழுதாகச் சொல்ல வைத்தார். அதே சூத்திரத்தில் 'புணர்ப்ப' என்பதும் வருகிறது. இரண்டு சொல்லும் அருகருகே நின்று வேறு வேறு வேலை செய்கின்றன. 'படித்தான்' என்பதில் பகுதியை அடுத்து நிற்கும் அந்த ஒரு தகர மெய்தான் அங்கே சந்தி. வடமொழியிலோ ஒலிகள் கூடும் நிகழ்ச்சி முழுவதுக்கும் அதுவே பெயர். 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் அந்த விரிந்த பொருளில்தான் தன் முதற் படலத்துக்குச் சந்திப்படலம் என்று பெயர் வைத்தது. தமிழ் அந்தச் சொல்லை வாங்கிய பிறகு தன் தேவைக்கு ஏற்ப அளவெடுத்துக்கொண்டது என்பது அவர் கருத்து. இன்றும் எனக்கு அதில் மாற்றமில்லை.

சனிக்கிழமை சமஸ்கிருத வகுப்புக்கு வந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். 'சம்' என்ற முன்னொட்டும், வைத்தல் என்று பொருள்படும் 'தா' என்ற வினையடியும் சேர்ந்து பிறந்தது சந்தி. சேரும்போதே மகரம் நகரமாகிவிடுகிறது. சொல்லே தன் இலக்கணத்துக்கு உதாரணம். வடமொழி இலக்கணம் வகுத்த பாணினி இதற்குச் சம்ஹிதை என்ற பெயரையே ஆள்கிறார். அர்த்தசாஸ்திரத்தில் அரசனுக்குரிய ஆறு வழிகளில் முதலாவது சந்தி, அதாவது சமாதான உடன்படிக்கை. ஆயுர்வேதத்தில் உடலின் மூட்டு. நாடக இலக்கணத்தில் முகம் முதல் நிர்வகணம் வரை கதையின் ஐந்து பொருத்துகள். எங்களை மிகவும் கவர்ந்தது திருடன்தான். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் சர்விலகன் கன்னம் வைத்துச் சுவரில் போடும் துளைக்கும் சந்தி என்றே பெயர். அவன் சுவரை உடைப்பது சந்திச்சேதம், நாங்கள் கொப்பியில் சொல்லைப் பிரிப்பது சந்திவிச்சேதம் என்று சொல்லிப் பண்டிதர் சத்தமாகச் சிரித்தது இன்னும் கேட்கிறது.

தெருக்கள் கூடும் இடத்தை நாம் சந்தி என்கிறோம். சிங்களத்தில் சகரம் ஹகரமாகி அது 'ஹந்திய' ஆயிற்று. ஆனால் அவர்களுடைய இலக்கண நூலில் 'சந்தி' மாறாமல் இருக்கிறது. மலாய் மொழியில் மூட்டுக்கு 'செண்டி'. ஒரே சொல் மருத்துவன், அமைச்சன், கள்வன், வழிப்போக்கன் எல்லோருக்கும் பயன்பட்டதை அவர் சொல்லக் கேட்டபோது, இலக்கணம் மனப்பாடம் செய்யும் பாடம் என்ற எண்ணமே எனக்கு விட்டுப்போயிற்று.

அந்த அடுத்த தவணைக்கு நான் இருக்கவில்லை. எந்தச் சூழ்நிலையில் புறப்பட்டோம் என்பதை இந்த மலரின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே வந்து, ஒரு நூலகத்தின் அகராதியில், கிரேக்கத்தின் 'தித்தேமி' என்ற வினையும் நம் 'தா'வும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, 'சிந்தசிஸ்' என்பதன் பின்பாதி அதில் பிறந்தது என்று படித்த அன்று, உடனே அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடிதம் போய்ச் சேராத ஆண்டுகள் அவை.

ஜெகந்நாதன், மனோகரன் கணக்கையும் தனியேதான் தீர்த்தேன். ஜகத் + நாத. நகரம் பக்கத்தில் வந்ததும் தகரமும் நகரமாகிறது. மனஸ் என்பதன் இறுதி விசர்க்கம் என்ற மூச்சொலியாகி, ஹர என்பதன் முன் ஓகாரமாகிறது. விதி விளங்கிவிட்டது. பெயர் பிரிந்ததும் அவர்கள் முகத்தில் வந்திருக்கக்கூடிய வெளிச்சத்தை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. என் பிள்ளைகளின் பெயர்களிலோ பிரிப்பதற்கு எதுவுமில்லை. இங்குள்ளவர்கள் வாயில் நுழையட்டும் என்று சிறிதாக வைத்தோம்.

பண்டிதர் பெயரில் கேடயம் வழங்கச் சங்கம் யோசிப்பதாக அறிகிறேன். நல்லதுதான். ஆனால் அவருடைய சனிக்கிழமைக் குறிப்புகளை நூலாக்குவது அதைவிட அவசரம். உயிர்ச் சந்திப் பகுதி என் கொப்பியில் முழுதாக இருக்கிறது. தட்டச்சு செய்து தருகிறேன். எனக்குப் பிறகும் அவரிடம் இருந்து மெய்ச் சந்தியும் விசர்க்கச் சந்தியும் எழுதியவர்கள் தயவுசெய்து உங்கள் கொப்பிகளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.