எந்த அளவுக்குச் சுத்தம்?

மாசுபட்ட இடங்களில் மண் மாதிரி எடுப்பது என் வேலை. மூடிய தொழிற்சாலை, கழிவு கொட்டிய ஓடை என்று எங்கே போனாலும் பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள் வந்து நின்று, "எப்பம்மா சுத்தம் பண்ணுவாங்க?" என்று கேட்பார்கள். எவ்வளவு தூரத்துக்குச் சுத்தம் செய்வார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்து எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலை 1980களில் மலைக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ், அப்புறம் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அதை நடத்தியது. 2001 மார்ச்சில் ஊரின் மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே வந்ததும் ஆலையை மூடினார்கள். 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே போனது. இதை மூலத்தை அகற்றுதல் என்போம். பலர் வேலை அதோடு முடிந்ததாக நினைத்தார்கள். மண்ணுக்குள் போன பாதரசம் அங்கேயேதான் இருந்தது.

அடுத்தது தள ஆய்வு. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு ஆழத்தில் மண் எடுப்போம். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் என்பதால் மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு தாள் கூடவே போகும், ஒவ்வொருவரும் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார்கள். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் சோதனைச் செலவு குறையும். ஆனால் ஒரு இடத்தில் கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் பாதரசம், மற்ற நான்கிலும் ஒன்றுமே இல்லை என்றால் அறிக்கையில் 20 என்றுதான் வரும். அதிகம் மாசுபட்ட அந்தத் திட்டு தாளிலிருந்தே காணாமல் போய்விடும். அதனால் ஒரு அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மாதிரிகளைத் தனித்தனியாக எடுத்தார்களா, கலந்து எடுத்தார்களா என்பதைத்தான்.

பிறகு அபாய மதிப்பீடு. மாசு எங்கே இருக்கிறது, எந்த வழியில் நகர்கிறது, யாரைப் போய்ச் சேர்கிறது என்ற மூன்றையும் கோர்த்துப் பார்ப்பது. ஆலை நிற்பது மலைச்சரிவில். கீழே பாம்பாறு சோலைக்காடு. மழை பெய்தால் மண் அந்தப் பக்கம்தான் இறங்கும். நீரடி வண்டலில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை இன்னும் நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனின் உடம்பில் சேரும். ஆகவே வேலிக்குள் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது.

இந்த மதிப்பீட்டிலிருந்து வருவதுதான் இலக்கு அளவு, அதாவது சுத்தம் செய்தபின் மண்ணில் எவ்வளவு வரை மாசு மிஞ்சலாம் என்பது. கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று வைத்தார்கள். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்தில் உலோகப் பாதரசத்துக்கு 2009இல் கொடுத்த வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். இங்கே மட்டும் ஏன் 20 என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். இன்னும் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு அரிக்கும் என்பது நிறுவனத்தின் எதிர்வாதம். சரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த அரிப்பைத் தடுத்துக்கொண்டே தோண்டுவதற்கு என்ன வழி, என்ன செலவு என்பதை முதலில் ஊர்க்காரர்கள் முன்னால் வைத்திருக்க வேண்டும். கீழே இருக்கும் சோலைக்காக யாராவது பேச வேண்டாமா?

அளவு முடிவானபின் நடப்பது பெரும்பாலும் பொறியியல். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் அலசிச் சலிப்பார்கள். பாதரசம் நுண்ணிய வண்டலோடும் களியோடும் ஒட்டிக்கொள்ளும், பருமணல் ஓரளவு சுத்தமாகப் பிரியும். ஒட்டிய பங்கை மூடிய உலையில் சூடாக்கி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். முழு வேலைக்கு முன் சிறிய அளவில் ஒரு முன்னோட்டம் செய்து பார்ப்பது வழக்கம். தோண்டி முடித்த குழியின் அடியிலும் பக்கச் சுவரிலும் மறுபடி மாதிரி எடுப்பது சரிபார்ப்பு. அதற்குப் பிறகு ஓடை நீரையும் வண்டலையும் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

2025இல் மாசுபட்ட தளங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால் ஆட்சியரிடம் மனு கொடுத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வு தொடங்கியதும் மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தையும், இலக்கு அளவைக் கணக்கிட்ட பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மண்வெட்டி இறங்குவதற்கு முன்பே கேளுங்கள், அளவு முடிவானபின் அதை மாற்ற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.