புழுவெட்டு: எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று சொட்டை விழுந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் கையில் எடுப்பது சின்ன வெங்காயம்தான். என் தங்கைக்கும் தேய்த்தார்கள், தோல் சிவந்து எரிந்தது, கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு திட்டு விழுந்தது. தேய்த்துத்தான் முளைத்தது என்று சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் ஒன்றிரண்டு சின்னத் திட்டு மட்டும் இருந்தால் பலருக்கு எதுவும் செய்யாமலே ஓராண்டுக்குள் முடி திரும்பிவிடும். அதனால் சின்னத் திட்டுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை.

திட்டு பெரிதாகிக்கொண்டே போனால் கதை வேறு. ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நின்றால், லேசாக இழுத்ததும் கையோடு வந்தால், நோய் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். புருவம் உதிர்ந்தாலோ நகத்தில் குழி குழியாக விழுந்தாலோ தோல் டாக்டரிடம் உடனே போய்விடுங்கள். உடம்பின் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவதுதான் புழுவெட்டு. மயிர்க்கால் செத்துப்போவதில்லை, வேலையை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிறுத்தம் வருடக்கணக்கில் நீண்டால் மருந்துக்கு அசைவது குறைகிறது.

2022இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்த பாரிசிடினிப் மாத்திரையின் பெரிய ஆய்வுகளில், பாதித் தலைக்கு மேல் முடி இழந்தவர்களைத்தான் சேர்த்தார்கள், அதிலும் அப்போதைய உதிர்வு தொடங்கி எட்டு ஆண்டு ஆகாதவர்களை மட்டும். அவர்களுக்குள்ளேயே நான்கு ஆண்டுக்குக் குறைவானவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலானோருக்கு 36 வாரத்தில் தலையின் 80 சதவீதமாவது மூடியது.

அந்த 36 வாரத்தைக் கவனியுங்கள். திட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு நான்கைந்து வாரத்தில் பூனைமுடி தெரிய ஆரம்பிக்கலாம், முதலில் வெள்ளையாகக்கூட வரும், அப்புறம் கறுக்கும். மாத்திரைக்கு அப்படி இல்லை. இரண்டு மாதம் போட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முளைத்த பிறகு நிறுத்தினாலும் பலருக்குத் திரும்ப உதிர்கிறது. இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்குவது, அதனால் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.