மெர்ஜ் உரிமை இல்லாத அணி வெறும் வாட்ஸ்அப் குழு

நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றைத் திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியதாக, செய்துவருகிறோம். பைத்தானில் எழுதிய மையப் பகுதி, சொல் பட்டியல், ஆண்ட்ராய்டு செயலி, இணையதளம், எல்லாமே நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரே ரெப்போ (களஞ்சியம்). மூன்று நான்கு பேர் இருந்தவரை ஒரு டெலிகிராம் குழு போதும். சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று ஆட்கள் சேரச் சேர, யார் எதைப் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் போனது. புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, வாரக்கணக்கில் தொங்கும், அனுப்பியவர் சலித்துப்போய்க் காணாமல் போவார்.

சரி, அணி பிரிப்போம் என்றதும் கூகுள் ஃபார்மில் யாருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டோம். பதில்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆபீஸில் செய்கிற வேலையை இங்கேயும் செய்ய விருப்பமில்லை. நாள் முழுக்க ஜாவா எழுதுகிறவருக்கு, இரவில் வேற்றுமை உருபு ஏறும் விதிகளை நோண்டத்தான் ஆசை. சம்பளம் இல்லாத இடத்தில் ஆசையைத் தவிர வேறு என்ன பிடிமானம்? அதனால் அடுத்த மூன்று மாதம் எதைத் தொட விருப்பம், வாரத்துக்கு நிஜமாகவே எவ்வளவு நேரம் முடியும், இந்த இரண்டை மட்டும் வைத்துப் பிரித்தோம்.

பெயர்ப் பட்டியல் போடுவது ஒரு மாலை வேலை. அதிகாரத்தை, அதாவது வந்த மாற்றத்தை ரெப்போவில் சேர்க்கும் மெர்ஜ் உரிமையை, பிரிப்பதில்தான் இழுபறி. ரஸ்ட் என்ற நிரல்மொழியை உருவாக்குகிறவர்கள் 2015இல் மொழி, நூலகம், கம்பைலர் என்று துணை அணிகள் அமைத்தபோது, அந்தந்தப் பகுதியின் முடிவெடுக்கும் உரிமையையும் அவர்களிடமே கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் எங்கள் பழைய ஆட்களைச் சம்மதிக்க வைத்தேன். முழுமனதோடு இல்லை, ஆனாலும் சம்மதித்தார்கள்.

அப்புறம் கிட்ஹப்பின் கோட்ஓனர்ஸ் கோப்பு. எந்த ஃபோல்டருக்கு எந்த அணி பொறுப்பு என்று எழுதிவைத்தால், மாற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ரிவ்யூ கோரிக்கை தானாகவே அவர்களுக்குப் போகும். இதைப் போடப் போகிறவர்கள் கவனிக்க: ஒரு கோப்புக்குப் பல வரிகள் பொருந்தினால் கடைசி வரிதான் செல்லும், ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவான நட்சத்திரக் குறி வரியை மேலே போடுங்கள், கீழே போட்டால் மற்ற எல்லாம் வீண். அணிக்கு அந்த ரெப்போவில் எழுதும் உரிமை இல்லையென்றால் கோரிக்கையே போகாது. அவர்கள் ஒப்புதல் கட்டாயம் என்றால் அதை, மையக் கிளையில் எது சேரலாம் என்று கட்டுப்படுத்தும் கிளை பாதுகாப்பு (branch protection) அமைப்பில் தனியாக இயக்க வேண்டும். இன்னொன்று, மொத்த அணிக்கும் கோரிக்கை போனால் 'வேறு யாராவது பார்ப்பார்கள்' என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். முறைவைத்து ஒருவருக்கு மட்டும் ஒதுக்கும் வசதி அணி அமைப்புகளிலேயே இருக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் எங்கள் ரிவ்யூ நகர்ந்தது.

பெரிய சண்டை சொல் பட்டியல் அணியில்தான். அங்கே ஒரு தமிழாசிரியை. நிரல் எழுதத் தெரியாது, ஆனால் 'முயற்சித்தான்' பட்டியலில் வரலாமா கூடாதா என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல எங்களில் ஆளில்லை. அவருக்கு மெர்ஜ் உரிமையா என்று இரண்டு டெவலப்பர்கள் முறுக்கிக்கொண்டார்கள். கொடுத்தோம். பிரவுசரிலேயே ரிவ்யூ செய்கிறார், எங்களைவிட வேகமாக.

கூட்டம் போடுவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டோம். டொராண்டோவில் காலை எட்டு மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோடையில் மாலை ஐந்தரை, பனிக்காலத்தில் ஆறரை, இரண்டுமே ஆபீஸ் நேரம். அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்துவைப்பார்கள். நாங்களும் முடிவைக் கிட்ஹப்பின் இஷ்யூ எனும் விவாதப் பக்கத்தில் எழுதி 72 மணி நேரம் விடுகிறோம், மறுப்பு வராவிட்டால் அதுவே முடிவு.

விலகுவதற்கும் வழி வேண்டும். குழந்தை பிறந்தவர், வேலை மாறியவர் குற்ற உணர்வோடு பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பார், அவர் பெயருக்கே ரிவ்யூ போய்த் தேங்கும். குபர்நெட்டிஸ் என்ற பெரிய திறமூலத் திட்டத்தில் ஓய்வுபெற்ற ஒப்புதலாளர்களுக்கென்றே தனிப் பட்டியல் வைப்பதுண்டு, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். திரும்பி வருகிறேன் என்று ஒரு வரி எழுதினால் பழைய இடம்.

இணையதள அணிக்கு மட்டும் கடைசிவரை ஒரே ஆள்தான் வந்தார். ஒற்றை ஆள் அணி வேண்டாம் என்று அதைச் செயலி அணியோடு சேர்த்துவிட்டோம், அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.