முடி, பிடி, படி, அடி

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் சோழர் கல்வெட்டு வாசிக்கப் போகிறவர்கள் முதலில் திணறுவது மெய்க்கீர்த்தியில்தான், அதாவது மன்னர் புகழ் பாடும் தொடக்கப் பகுதியில். "திருமன்னி வளர" என்று தொடங்கினால் முதலாம் இராசேந்திரன். வென்ற நாடுகள் அணிவகுக்கும். ஆட்சியாண்டு ஏற ஏறப் பட்டியலும் நீளும். அதற்கப்புறம்தான் ஆண்டு, ஊர், கொடை. பழைய கோயில்களில் திருப்பணியின்போது கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்கிவிட்டால், மன்னர் கடாரம் போகும் வழியிலேயே நின்றுவிடுவார். மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தால் அதுவும் மிஞ்சாது.

கொடைப் பகுதிதான் சுவையானது. ஒரு நந்தாவிளக்குக்கு (அணையா விளக்கு) பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு, நாளுக்கு உழக்கு (பழைய முகத்தலளவை) நெய். ஆடு செத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் "சாவா மூவாப் பேராடு". மன்னருக்குக் கிடைக்காத வரம்.

புறநானூறு 363-இல் ஐயாதிச் சிறுவெண்தேரையார், ஆண்டு மாய்ந்தவர்கள் "இடுதிரை மணலினும் பலரே", அலை குவிக்கும் மணலைவிடப் பலர், என்கிறார். ஒருவர் பெயரும் இல்லை. (இந்த உவமை திருவொற்றியூரில் கொஞ்சம் இடிக்கும். துறைமுகம் தடுத்த மணல் மெரினாவில் சேர, இங்கே கடலரிப்புக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.)

அந்தக் கரையில்தான் பட்டினத்தார் சமாதி. அவர் பாட்டும் பெயர் சொல்லாது:

முடிசார்ந்த மன்னரும் மற்றுமுள் ளோரும் முடிவிலொரு
பிடிசாம்ப ராய்வெந்து மண்ணாவ துங்கண்டு பின்னுமிந்தப்
படிசார்ந்த வாழ்வை நினைப்பதல் லாற்பொன்னி னம்பலவர்
அடிசார்ந்து நாமுய்ய வேண்டுமென் றேயறி வாரில்லையே

யாப்பு கட்டளைக் கலித்துறை. அடிக்கு ஐந்து சீர், கடைசிச் சீர் விளங்காய் (கூவிளங்காய் அல்லது கருவிளங்காய்). நிரையசையில் தொடங்குவதால் ஒற்று (மெய்யெழுத்து) நீக்கி அடிக்கு 17 எழுத்து. எண்ணிப் பாருங்கள், நான்கிலும் பிசகாது. எதுகையை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் கிரீடம், கைப்பிடி, பூமி, பாதம். மன்னர் தலையிலிருந்து இறங்கிவிட்டார். மெய்க்கீர்த்தி நாடுநாடாகச் சொல்லி ஏற்றியதை இவர் நான்கே எதுகையில் இறக்குகிறார். எனக்கு இதைவிடக் கச்சிதமான கட்டுமானம் தெரியாது.

பலர் பகிரும்போது "முடிவில் ஒரு பிடி சாம்பராய்" என்று ஒரே வரியில் போடுகிறார்கள். பொருள் விளங்கும், ஆனால் "பிடி" மட்டும் மேலே ஏறினாலே முதலடி 19 எழுத்தாகும், எதுகையும் போய்விடும். "முடிவிலொரு" என்று வரி முடிந்து, ஒரு என்ன என்று காது காத்திருக்கும் அந்த இடைவெளியும் போய்விடும். வாய்விட்டுச் சொல்லும்போது அங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள்.