உப்புவெளியில் மூன்று தந்தியில் கேட்ட பூபாளம்

நேற்று இரவுதான் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பினேன். எந்த பஸ்ஸில் போவது, எவ்வளவு காசு முடியும், எங்கே சாப்பிடலாம் என்று ஒழுங்காக எழுதித் தரச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் அங்கே அக்காவின் மகள், என் மருமகள், வாசித்த வயலின் இன்னும் காதுக்குள் நிற்கிறது, அதை விட்டுவிட்டு பஸ் கட்டணம் மட்டும் எழுத என்னால் முடியாது.

முதலில் பஸ். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும் தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். "சீட் இருக்கு அண்ணை, ஏறுங்கோ" என்று கண்டக்டர் பையைப் பறித்து உள்ளே வைத்தார். ஏறிப் பார்த்தால் சீட் என்று அவர் சொன்னது டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் போட்ட ஒரு துண்டு மெத்தை. வவுனியா வரும்போது கீழிருந்து வந்த சூட்டில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன், அதற்குள் அந்த இடத்திலும் இரண்டு பேரை ஏற்றிவிட்டார்கள். முழுக் காசு வாங்கிக்கொண்டு மிச்சத் தூரம் முழுக்க நிற்க வைப்பது நியாயமே இல்லை. மிச்சக் காசு 80 ரூபாவை மூன்று தரம் கேட்டேன், கடைசி வரை தரவில்லை. சி.டி.பி பஸ், அதாவது அரசாங்க பஸ், பழையதாக இருக்கட்டும், மெதுவாகப் போகட்டும், அதிலேயே போங்கள்.

இறங்கியவுடன் ஓட்டோ. அக்கா வீடு உப்புவெளியில், பஸ் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் கூட இராது. 500, மிஞ்சினால் 600 கொடு என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஓட்டோக்காரர் 1,500 கேட்டார். ஏனென்றால் இது வெள்ளைக்காரர் வரும் சீசனாம். நான் தமிழில்தானே கதைக்கிறேன், யாழ்ப்பாணத்திலிருந்துதானே வருகிறேன் என்றேன். "எல்லாருக்கும் ஒரே விலைதான் அண்ணை" என்றார். வெயிலில் பத்து நிமிடம் பேரம் பேசி 800க்கு வந்தது. அந்த 200 ரூபா இப்போதும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, மாதக் கடைசியில் போன பயணம்.

சரி, போன காரணத்துக்கு வருகிறேன். அக்காவின் மகள் ஐந்து வருடமாக அங்கே ஒரு டீச்சரிடம் வயலின் பழகுகிறாள். 2025ஆம் ஆண்டு வயலின் மேதை எல். சுப்பிரமணியத்துக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அறிவித்தபோது டீச்சர் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் "ஆர் டீச்சர் அவர், இந்தியாக்காரரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பிறந்தது சென்னையில், 1947இல். ஆனால் சின்ன வயதில் வளர்ந்ததும் வயலின் பிடிக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கூட்டிக்கொண்டு வந்த தாய் தகப்பன்மாருக்கும் அது தெரியவில்லை. அன்றைக்கே டீச்சர் தீர்மானித்துவிட்டாராம், பிள்ளைகளை வைத்து ஒரு மாலை முழுக்க வயலின் மட்டும் வாசிக்க வைப்பதென்று. பாட்டு இல்லை, வயலினும் மிருதங்கமும்தான். தன் வீட்டு முன் ஹோலில் பாய் விரித்து, சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டார்.

வயலின் மட்டும் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர்களில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முக்கியமானவர். கிட்டத்தட்ட இருநூறு வருடக் கதை அது. வெள்ளைக்காரர் நின்றுகொண்டு தாடைக்குக் கீழே பிடித்ததை நம்மவர்கள் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்தார்கள். இதனால் இடது கை வயலினைத் தாங்க வேண்டியதில்லை, தந்தி நெடுக வழுக்கி ஓடலாம், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் தானாக வரும். இப்படி நமக்கென்றே மாற்றி எடுத்த கருவியை பெரும்பாலும் பாடகரின் பக்கத்தில் பக்கவாத்தியமாகத்தான் உட்கார வைத்தோம். துவாரம் வெங்கடசாமி நாயுடு போன்றவர்கள் தனிக் கச்சேரி செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயலின் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் வாழ்க்கையாகவே ஆக்கியவர் சுப்பிரமணியத்தின் தகப்பன் வி. லக்ஷ்மிநாராயணா. அவர் யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். மனைவி சீதாலக்ஷ்மியும் இசை தெரிந்தவர். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்று மூன்று ஆண்பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் வயலின் படித்தார்கள். சுப்பிரமணியம் முதல் முறை மேடை ஏறியபோது வயது ஆறு.

பிறகு தமிழருக்கு எதிரான 1958 கலவரம். குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போனது. டீச்சர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, "அவையளும் போனவை, எங்கட ஆக்களைப் போல" என்றார், பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் கொஞ்ச நேரம் அசையவில்லை. திருகோணமலையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

போன இடத்தில் அந்தப் பொடியன் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டொக்டர் ஆனார். நம் வீடுகளில் என்றால் கதை அதோடு முடிந்திருக்கும். பிள்ளை டொக்டர் என்றால் வயலின் அலுமாரிக்கு மேலே போய்விடும். அவர் வைத்தியத்தை விட்டுவிட்டு, அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குப் போய் மேலைத்தேய சங்கீதத்தில் பட்டமேற்படிப்பு முடித்தார். மேல்நாட்டு வயலின் மேதைகளான யெஹூதி மெனுஹினோடும் ஸ்டீபன் கிரப்பெல்லியோடும் வாசித்தார். 1985இல் வேத மந்திரங்களை வைத்து அவர் எழுதிய படைப்பை சுபின் மேத்தா நடத்த, நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. தம்பி சங்கர், கிற்றார்காரர் ஜோன் மெக்லாக்ளினோடும் தபேலா சாகிர் உசேனோடும் சக்தி குழுவில் வாசித்தவர், பத்துத் தந்தி இரட்டை வயலினை உருவாக்கியவர். அண்ணன் வைத்தியநாதன் சினிமாவுக்கு இசையமைத்தார். தூரதர்சனில் மால்குடி டேய்ஸ் தொடர் பார்த்தவர்களுக்கு அவருடைய மெட்டு உடனே வாயில் வரும். எங்கள் வீட்டில் அன்ரனாவைத் திருப்பித் திருப்பி அதைப் பிடித்துப் பார்த்திருக்கிறோம். அது யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரின் இசை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. தகப்பன் 1990இல் காலமானார். அவர் பெயரில் சுப்பிரமணியம் 1992இல் தொடங்கிய உலக இசை விழா எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெயரை இங்கே ஒரு தெருவுக்குக்கூட வைத்ததாக நான் காணவில்லை, அது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

மருமகள் கடைசியாக வாசித்தாள். சம்பந்தர் திருகோணமலைக்குப் பாடிய பதிகம், பண், அதாவது பழைய தமிழ் ராகம், புறநீர்மை, இப்போது பூபாளத்தில் பாடுவார்கள். காலை ராகம்தான், மாலையில் வாசிக்கிறோம், ஆனால் இது எங்கள் ஊர்ப் பதிகம் என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாலாவது அடிக்கு மேலே போகும்போது டிக் என்று ஒரு சத்தம். மெல்லிய தந்தி, மேல் பஞ்சமத் (ப) தந்தி, அறுந்து சுருண்டுவிட்டது. மிருதங்கப் பொடியன் கையை நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. பக்கத்து ஷட்ஜத் (ச) தந்தியிலேயே விரலை மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சமத்தைப் பிடித்தாள். முதல் முறை கொஞ்சம் சுருதி குறைந்தது, இரண்டாம் முறை சரியாக வந்து விழுந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை! மிருதங்கம் திரும்பச் சேர்ந்துகொண்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நானும் அந்த நிலைதான்.

அடுத்த நாள் விடியற்காலை அவளோடு கோணேசர் கோவிலுக்குப் போனேன். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் நடந்தே போகலாம், ஓட்டோ பிடிக்கவே வேண்டாம். வழியெல்லாம் மான்கள், கையில் பழப் பை இருந்தால் கவனம். 1622இல் போர்த்துக்கீசர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். மலை நுனியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், கடல் அவ்வளவு நீலம். தன் தலையையும் நரம்பையும் கொண்டே யாழ் செய்து சாமகானம் பாடியவன் என்று இராவணனைச் சொல்வார்கள். ராஜஸ்தானில் வில் போட்டு வாசிக்கும் இராவணஹத்தா என்ற கருவிக்கும் அவன் பெயர்தான். இதைச் சொன்னதும் மருமகள் இராவணன் சிலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அவருக்குத் தந்தி அறுந்தா என்ன செய்வார் மாமா?" என்றாள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. சந்தைப் பக்கம் பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு கடையில் மத்தியானம் சோறு, பொரித்த சூடை மீன், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், சொதி, 500 ரூபா. கறி இரண்டாம் தரமும் போட்டார்கள், அதற்குக் காசு எடுக்கவில்லை. கடற்கரை ஹோட்டல்களில் இதே சாப்பாட்டுக்கு மூன்று மடங்கு கேட்கிறார்கள். அங்கே போகாதீர்கள்.

தங்கியது அக்கா வீட்டில், அதனால் அறை வாடகை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிக்கிடும்போது டீச்சர் அறுந்த தந்தியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் தந்தார். உப்புக் காற்றில் தந்தி கெதியாகத் துருப்பிடிக்கிறது, நல்லதென்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், பத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது இரண்டு செட். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் ஐந்து செட் வாங்கிக்கொண்டு போகிறேன், சி.டி.பி பஸ்ஸில்.