அவனுக்கா சார் கோப்பை?

பரிசு கொடுத்த ராத்திரியோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. முடியவில்லை. எங்கள் அணி கேப்டன் மேடைக்குப் பின்னால் வந்து நின்று கேட்டான்: "சார், அவன உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"இல்லடா."

"அப்புறம் எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க?"

புதுவயல் பக்கம் திருவிழாக் கபடி எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறந்த ரைடர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்களில் சிறந்தவன், யார் என்று முடிவு செய்ய உடற்கல்வி ஆசிரியர்கள் மூன்று பேரை உட்கார வைத்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன். இறுதி ஆட்டத்தில் எங்கள் பையன்கள் தோற்றார்கள். தோற்கடித்தவன் எதிரணி ரைடர் ஒருவன்தான். அவன் பெயரைத்தான் நான் எழுதினேன்.

அவன் ஆட்டம் எப்படி என்றால், ஒரு ரெய்டைச் சொன்னாலே போதும். பாடி வந்தவன் எங்கள் இடது கார்னரை, அதாவது இடது ஓரத்தில் நிற்கும் பையனை, திரும்பியே பார்க்கவில்லை. கண், தோள் எல்லாம் வலது பக்கம். கார்னர்களுக்கு உள்பக்கம் நிற்கும் எங்கள் கவர் ரெண்டு பேரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அந்த நேரத்தில் இடது கால் மட்டும் தரையோடு தரையாக நீண்டு, கட்டைவிரல் கார்னர் பையனின் பாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நடுவர் கை தூக்கிய பிறகுதான் பையனுக்கே தெரிந்தது, தான் அவுட் என்று. இந்த டோ டச்சை நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையனுக்கும் இந்த அளவுக்கு வந்ததில்லை.

சரி. அதற்கு அப்புறம் அவன் செய்ததையும் சொல்ல வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி நின்று, எங்கள் பக்கம் பார்த்துத் தொடையைத் தட்டினான். அதுகூடப் பரவாயில்லை, கபடியில் சகஜம். ஆனால் எங்கள் கார்னர் பையனின் அப்பா மூட்டை தூக்குபவர். அதைச் சொல்லிக் கேலி பேசினான். எனக்கு நன்றாகவே கேட்டது. கேப்டனுக்கும், எனக்குக் கேட்டது என்பது தெரியும். அவன் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

நான் அவனிடம் சொன்ன பதில், "ஸ்கோர் ஷீட்டைப் பாரு" என்பதுதான். உண்மையான பதில். ஆனால் அவன் கேட்டது ஷீட்டைப் பற்றி இல்லையே. ஒழுங்கீனத்துக்கு ஆட்டத்திலேயே பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை இருக்கிறது. நடுவர் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அவர் விட்டதைச் சிறந்த ரைடர் கோப்பையை வைத்து நான் சரிக்கட்ட முடியாது. இதை இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன். அதே சமயம், அந்தக் கார்னர் பையன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய வாத்தியார் கையெழுத்துப் போட்ட கோப்பை அந்தக் கைக்குப் போனது. இரண்டும் நிஜம். எது கனம் என்று ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது.

எனக்கு அந்த முடிவு சுலபமாக இருந்ததோ என்றும் யோசிக்கிறேன். தோற்றது பையன்கள். எனக்கு ரத்தம் கொதித்த ஆட்டம் வேறு. 2003 மார்ச் 23, ஜோகன்னஸ்பர்க், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி. ஆஸ்திரேலியக் கேப்டன் பான்டிங் 121 பந்தில் ஆட்டமிழக்காமல் 140, எட்டு சிக்ஸர். ஆஸ்திரேலியா 359. நாம் 125 ரன்னில் தோற்றோம். மறுநாளே ஊரெல்லாம் ஒரே பேச்சு, பேட்டுக்குள் ஸ்பிரிங் வைத்திருந்தான் என்று. அப்போது நாங்கள் காரைக்குடியில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தவர்கள். காலையில் வகுப்பில் உடலியக்கம், நெம்புகோல் விதி. சாயங்காலம் டீக்கடையில் ஸ்பிரிங் பேட். படித்த நாங்களும் அதைச் சொன்னோம். சொல்வதில் ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது நினைத்தால், அந்தக் கதையே ஒரு ஒப்புதல்தான் என்று படுகிறது. வெறும் மரத்தால் ஒரு மனுஷன் இப்படி அடிக்க முடியாது என்று சொல்வதை விடப் பெரிய பாராட்டு எது? வாயால் சொல்ல மனசு வரவில்லை, அதனால் பேட்டின் மேல் போட்டோம். இன்றைக்கும் எனக்குப் பான்டிங்கைப் பிடிக்காது. ஆனால் பையன்களுக்குப் புல் ஷாட் சொல்லித்தரும்போது அவருடைய வீடியோவைத்தான் போடுகிறேன். முன்காலில் நின்றபடியே அடிப்பதை, தலை ஆடாமல் இடுப்பு சுழல்வதை, அவ்வளவு தெளிவாக வேறு யாரிடம் காட்டுவது?

இதற்கு நேர்மாறாக 1999 சேப்பாக்கம் டெஸ்டும் இருக்கிறது. சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். அரங்கமே எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. டிவியில் பார்த்த எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அது கூட்டமாக எழுந்து நின்றது. கேப்டன் தனியாக நின்றான். தன் கூட்டாளியைக் கேவலமாகப் பேசியவனைத் தனியாக நின்று பாராட்டு என்று ஒரு பையனிடம் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிராவயல் மஞ்சுவிரட்டில் தூக்கி எறியப்பட்டவர்களைக் கவனித்திருக்கிறேன். தையல் போட்ட இடத்தைக் காட்டி, "என்னா மாடு தெரியுமா!" என்பார்கள். பிடிபடாத மாட்டுக்குப் பரிசு கொடுப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. மாடு முட்டும், ஆனால் வாயைத் திறந்து அவமானப்படுத்தாது. பிடிக்காத ஆட்டக்காரனிடம் நம்மால் தாங்க முடியாதது அவனுடைய திறமை இல்லை, அந்தத் திறமையை வைத்துக்கொண்டு அவன் நம்மைப் பார்க்கும் பார்வைதான் என்று நினைக்கிறேன். இதை அன்றைக்குக் கேப்டனிடம் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

அடுத்த வருஷப் போட்டிக்கு விழாக் குழுவிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். சிறந்த ரைடரை மேசையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார்கள் முடிவு செய்ய வேண்டாம், தோற்ற அணியின் ஏழு பேரே சொல்லட்டும். அவன் காலைப் பிடிக்கப் போய் ஏமாந்தவர்கள் அவர்கள்தானே. என்னோடு குழுவில் இருந்த ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணும்னே ஒரு நோஞ்சான் பேரச் சொல்லுவானுங்க சார்" என்கிறார். எங்கள் கேப்டன் அப்படித்தான் சொல்வான் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். விழாக் குழு பங்குனியில் கூடிப் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.