சுவரில் இருந்த உப்புக் கோடு

அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே திட்டம் முடிவாகியிருந்தது: அந்தக் கடலோர ஊருக்குள் வெள்ளம் வராமலிருக்க, கடல் பக்கக் கரையை உயர்த்த வேண்டும். செயற்கைக்கோள் படம், அலை உயரக் கணக்கு, செலவு மதிப்பீடு எல்லாம் கோப்பில் இருந்தன. ஊர்க் கூட்டத்தைக் கையெழுத்து வாங்கும் வேலையாகத்தான் நினைத்திருந்தேன். காலை 11 மணிக்கு வந்தவர்கள் தலையாட்டினார்கள், பதிவேடு நிரம்பியது.

கலையும் நேரத்தில் ஓர் அம்மா வந்து, "தம்பி, தண்ணி அந்தப் பக்கமா வர்றதே இல்லையே" என்றார். என்னைத் தன் வீட்டின் பின்சுவருக்கு அழைத்துப் போனார். முழங்கால் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. உப்பு. அதற்குக் கீழே இன்னும் இரண்டு கோடுகள். "இது போன வருஷம். இது அதுக்கு முந்தின வருஷம்."

பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் மட்டம் ஏறும் நேரத்தில், கடல்நீர் வடிகால் வாய் வழியாகப் பின்பக்கமாக ஏறுகிறது. மழைநீரோ கடல் பக்கத்துத் தாழ்வான கரை வழியாகத்தான் வடிகிறது. அதை உயர்த்தியிருந்தால் ஊரை நாங்களே குளமாக்கியிருப்போம். தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப ஊரைத் தயார்படுத்துவது, என்ற பெயரில் செய்வதே ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கை எச்சரிக்கிறது. நான் அதைப் படித்தவன்தான். ஆனால் அந்தச் சுவரின் முன் நின்றபோதுதான் உறைத்தது.

அவர் ஏன் கூட்டத்திலேயே சொல்லவில்லை? காலை 11 மணிக்குப் பெண்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருப்பார்கள். வந்த சிலரும் பின்வரிசையில். அடுத்த முறை மாலையில், பெண்களோடு தனியாக உட்கார்ந்தோம். பேச்சே வேறாக இருந்தது. புயல் காப்பகத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை உண்டா, ஆடுகளை எங்கே கட்டுவது, நடக்க முடியாத மாமியாரை யார் தூக்கி வருவார்கள் என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் பதில் இல்லாவிட்டால் எச்சரிக்கை வந்தாலும் வீட்டைவிட்டு நகர மாட்டார்கள்.

வங்கதேசம் இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1970 புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம் தொடங்கியது. ஊர்த் தன்னார்வலர்களே கொடியும் மெகாபோனுமாக வீடு வீடாகப் போகிறார்கள். காப்பகங்களும் பெருகின. 2007-இல் சிடர் புயல் தாக்கியபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்புதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டால் ஜனம் கிளம்புகிறது.

நிதியாண்டுக்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடிதான் இந்த வேலையை அதிகம் கெடுக்கிறது. ஊராரிடம் கேட்பதற்கு மாதங்கள் ஆகும், அவற்றை எந்த மதிப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை. நாங்கள் சண்டை போட்டு ஆறு மாதம் வாங்கினோம்.

கரையை உயர்த்தும் திட்டம் கைவிடப்பட்டது. வடிகால் வாயில் மதகுக் கதவு வைத்தோம். அதை எப்போது இறக்குவது, யார் இறக்குவது என்பதை ஊராரே முடிவு செய்தார்கள். ஓத நேர அட்டவணை இப்போது அந்த அம்மாவின் பின்சுவரில், உப்புக் கோட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.